கல்லில் காணிக்கை, களிமண்ணில் கணக்கு

இடுப்பில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வேட்டி. மேலே எதுவும் இல்லை, காலிலும் எதுவும் இல்லை. தோளில் காவடி மாதிரி ஒரு கோல், அதன் இரு பக்கமும் தொங்கும் தட்டுகளில் சின்னச் சின்ன மூட்டைகள். அவருக்கு முன்னால் மேலாடை போர்த்திச் செருப்பு போட்ட ஒரு தலைவர். பின்னால் ஒருவர் கழுதை ஓட்டிக்கொண்டு வருகிறார், இன்னொருவர் கையில் இரண்டு கோடாரி. மதுரைப் பக்கம் திருவிழாக் கூட்டத்தில் இவர்களைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இவர்கள் நடப்பது ஈரானில், ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே 60 கிலோமீட்டர் தள்ளி, ஒரு படிக்கட்டுச் சுவரில். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அதே படியில்.

அந்த இடத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் பெர்சபோலிஸ். கட்டியவர்கள் அழைத்த பெயர் பார்ஸா. இன்று ஈரானியர்கள் தக்த்-இ-ஜம்ஷித் என்கிறார்கள், ஜம்ஷித்தின் சிம்மாசனம் என்று பொருள். ஜம்ஷித் புராணத்து ராஜா, அவருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை. யார் கட்டியது என்பதே ஊருக்கு மறந்துபோன பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கட்டத் தொடங்கியவர் பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ், ஏறத்தாழ கி.மு. 518இல். மலையடிவாரத்தைச் செதுக்கி, பள்ளத்தை நிரப்பி, 450 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கல்மேடையை முதலில் எழுப்பினார்கள். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் போவதற்குப் பாறைக்குள் வாய்க்கால் வெட்டிய பிறகுதான் மேலே கட்டடம். சுண்ணாம்புச் சாந்து இல்லை. கல்லையும் கல்லையும் இரும்புப் பிடி வைத்து இணைத்து, மேலே ஈயம் ஊற்றினார்கள். பிற்காலத்தில் அந்த இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் குடைந்த ஓட்டைகள் இன்றும் கற்களில் தெரிகின்றன.

மேடையின் பெரிய கட்டடம் அபதானா, அரசர் அவை கூட்டும் மண்டபம். பக்கத்துக்கு 60 மீட்டர் உள்ள சதுர மண்டபம். முன்றில்களையும் சேர்த்து 72 தூண்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் அளவு உயரம். தூணின் தலையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு காளைகள், அந்த இரு கழுத்துகளுக்கு நடுவில் தேவதாரு உத்தரம். மேலே கல் பாளம் ஏற்றியிருந்தால் தூண்களை நெருக்கி நட்டிருக்க வேண்டும். மர உத்தரம் என்பதால் தூணுக்குத் தூண் எட்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விட முடிந்தது. உள்ளே நின்றவருக்கு மண்டபம் காற்றோட்டமாக, காடு மாதிரி விரிந்திருக்கும். நம் ஆயிரங்கால் மண்டபங்களின் நெருக்கம் அங்கே கிடையாது.

இந்த மண்டபத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் படிக்கட்டுகள், இரண்டிலும் ஒரே ஊர்வலம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் செதுக்கியது. வடக்குப் படி காலமெல்லாம் வெயிலில் கிடந்து தேய்ந்துவிட்டது. கிழக்குப் படி இடிந்த மண்சுவரின் குவியலுக்குள் புதைந்து கிடந்ததால் தப்பியது. 1930களின் தொடக்கத்தில் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தலைமையில் தோண்டி எடுத்தபோது தாடிச் சுருளெல்லாம் நேற்று உளி பட்டதுபோல இருந்தன.

மொத்தம் 23 குழுக்கள். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். தென்மேற்கு ஈரானின் ஈலாமியர் ஒரு பெண் சிங்கத்தையும் இரண்டு குட்டிகளையும் கொண்டுவருகிறார்கள். குட்டிகள் ஆட்களின் கையில், தாய் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. அந்தத் திரும்பிய கழுத்தைச் செதுக்கியவன் வெறும் உத்தரவுக்கு வேலை செய்தவன் அல்லன் என்று எனக்குத் தோன்றும். பாக்ட்ரியர் இரட்டைத் திமில் ஒட்டகம், அரேபியர் ஒற்றைத் திமில் ஒட்டகம், லிதியர் தேர், நூபியர் யானைத் தந்தம். நம் வேட்டிக்காரர்கள் பாரசீகர் ‘ஹிந்துஷ்’ என்று அழைத்த சிந்துவெளி மாகாணத்தார். மூட்டைகளில் இருப்பது தங்கத்தூளாக இருக்கலாம். சிந்துப் பக்கத்து மக்கள் ஆண்டுக்கு 360 தாலந்து (பழைய எடை அளவு) தங்கத்தூள் கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஊர்வலத்தில் மிக அழகான விஷயம் ஒட்டகமோ சிங்கமோ இல்லை. ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஓர் அரண்மனை அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். ஒரு குழுவுக்குப் பாரசீக அதிகாரி என்றால் அடுத்ததற்கு மேதிய (வடமேற்கு ஈரானின் இன்னொரு இனம்) அதிகாரி, மாறி மாறி. இன்னொரு பக்கச் சுவரில் பிரபுக்கள் வரிசை. ஒருவர் பூ வைத்திருக்கிறார், ஒருவர் முன்னால் போகிறவர் தோளில் கை போடுகிறார், ஒருவர் திரும்பிப் பின்னால் வருபவரிடம் ஏதோ சொல்கிறார். கல்யாண வீட்டு வரவேற்பில் காத்து நிற்கிற மாதிரி.

இதற்கு முந்தைய பேரரசின் அரண்மனையோடு ஒப்பிட்டால்தான் இதன் விநோதம் புரியும். அசீரிய மன்னர்களின் சுவர்களில் முற்றுகை, கழுமரம், வெட்டிய தலைக் குவியல். பெர்சபோலிஸ் சுவர்களில் போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கட்டுண்ட கைதி இல்லை. ஆயுதம் பிடித்த காவலர் வரிசை உண்டு, ஆனால் அவர்கள் யாரையும் குத்தவில்லை. அரசன் சண்டையிடும் சிற்பம் வாசல் நிலைகளில் உண்டு, எதிரே நிற்பது சிங்கம், காளை, இறக்கை முளைத்த விலங்கு.

அப்படியானால் டேரியஸ் சாந்த சொரூபியா? இல்லவே இல்லை. கி.மு. 522இல் அவர் பதவிக்கு வந்த விதமே ரத்தக்களரி. கௌமாதா என்ற மந்திரக்காரன், செத்துப்போன இளவரசன்போல வேஷம் போட்டு அரியணையில் இருந்தான், நான் அவனைக் கொன்றேன் என்பது டேரியஸ் சொல்லும் கதை. கொல்லப்பட்டது உண்மையான இளவரசனேதான் என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பேரரசு முழுக்கக் கிளர்ச்சி வெடித்தது. ஓராண்டுக்குள் 19 போர்களில் 9 அரசர்களைப் பிடித்ததாகக் கெர்மான்ஷா அருகே பெஹிஸ்தூன் பாறையில் பழம்பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழியில் வெட்டிவைத்தார். அங்கே உள்ள சிற்பத்தில் அவர் கால் கௌமாதாவின் மேல் இருக்கிறது, எதிரே கழுத்தில் கயிறு கட்டிய கைதிகள் வரிசை. கூர்நுனித் தொப்பி வைத்த சித்திய அரசன் பிற்பாடு பிடிபட்டதால், வரிசையின் கடைசியில் இடம் ஒதுக்கி அவனையும் பிறகு செதுக்கிச் சேர்த்தார்கள். அந்த அறிவிப்பின் நகல்கள் ஊர் ஊராகப் போயின. எகிப்தில் நைல் நதித் தீவான எலிஃபன்டைனில் அரமேய மொழி நகல் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்தது.

சில ஆண்டுகளில் அதே அரசர் பெர்சபோலிஸில் கயிற்றை எடுத்துவிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்கிறார். இதை நான் மனமாற்றமாகப் பார்க்கவில்லை. ஆட்சி நிலைத்தாகிவிட்டது, இனி எல்லாரும் தானாக விரும்பிச் சுமக்கிற பேரரசு என்று காட்ட வேண்டும். நக்ஷ்-இ-ருஸ்தம் மலைச்சுவரில் உள்ள அவர் கல்லறையில் இது இன்னும் வெளிப்படை. 30 நாட்டு ஆட்கள் கைகளை உயர்த்தி ஒரு பெரிய மேடையைத் தாங்குகிறார்கள், மேலே அரசர் நிற்கிறார். டேரியஸ் ஆண்ட நாடுகள் எத்தனை என்று நினைப்பு வந்தால் இந்தச் சிற்பங்களைப் பார், பாரசீக ஆடவனின் ஈட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும் என்கிறது பக்கத்துக் கல்வெட்டு. படத்தில் ஈட்டி குத்தவில்லை. எழுத்தில் குத்துகிறது.

ஊர்வலம் நவ்ரூஸ் புத்தாண்டு விழாவில் உண்மையாகவே நடந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். இனிமையான கதை. ஆனால் அங்கே அப்படி ஒரு விழா நடந்ததற்கு நேரடிச் சான்று எதுவும் கிடையாது. ஆண்டின் ஒரு நாளைப் பிடித்த புகைப்படமாக இதை எடுத்துக்கொள்வதைவிட, பேரரசு தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொண்ட விளம்பரமாக எடுத்துக்கொள்வது மேல்.

சரி, இதை வெட்டியவர்கள் யார்?

பேரரசின் இன்னொரு தலைநகரான சூசாவில் கட்டிய அரண்மனைக்கு டேரியஸ் எழுதிவைத்த அடிக்கல் சாசனம் ஒன்று இருக்கிறது. படித்தால் கொள்முதல் பட்டியல் மாதிரியே இருக்கும். தேவதாரு மரம் லெபனானிலிருந்து. தங்கம் இன்றைய மேற்குத் துருக்கியில் உள்ள சார்டிஸிலிருந்தும் பாக்ட்ரியாவிலிருந்தும். நீலக்கல் சோக்தியானா, பச்சைநீலப் பெரோசாக்கல் கோரஸ்மியா. வெள்ளியும் கருங்காலியும் எகிப்து. தந்தம் நூபியா, சிந்து, அரகோசியா. கல் வெட்டியவர்கள் அயோனியரும் (அதே கரையோரக் கிரேக்கர்கள்) சார்டிஸ்காரரும், பொற்கொல்லர்கள் மேதியரும் எகிப்தியரும், செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர். பெருமையடிக்கும் சாசனம்தான், ஆனாலும் பாரசீகக் கலை என்று நாம் சொல்வது எதைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. காளைத் தலைக்கும் இறக்கை விலங்குக்கும் முன்னோடி மெசொப்பொத்தேமியா, வாசல் மேல் வளைந்த விளிம்பு எகிப்து, துணி மடிப்பு செதுக்கும் பாணி அயோனியா. எல்லாவற்றையும் கலந்து யாருடையதுபோலவும் இல்லாத ஒன்றாக ஆக்கிய திட்டம் மட்டும் பாரசீக அவையுடையது.

இடையில் ஒரு சொல். அயோனியரைப் பாரசீகக் கல்வெட்டுகள் ‘யவுனா’ என்கின்றன. சங்கப் பாடல்களில் மரக்கலத்தில் வந்த யவனரும் இதே சொல் குடும்பம்தான். பாரசீகர் எழுத்தைக் குறிக்கச் சொன்ன ‘திபி’ என்ற சொல்லை அசோகரின் வடமேற்குக் கல்வெட்டுகள் அப்படியே எடுத்தாள்கின்றன. மற்ற இடங்களில் அது ‘லிபி’. நாம் இன்றும் பயன்படுத்துகிற லிபி.

செதுக்குவது குழு வேலை. ஒரே வரிசை உருவங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு செய்தார்கள், தங்கள் பங்கு எதுவென்று தெரிய அடையாளக் குறி போட்டார்கள். முடித்த பிறகு கல்லை மெருகேற்றி வண்ணம் பூசினார்கள். நீலம், சிவப்பு, பச்சையின் மிச்சம் மீதி இன்னும் இடுக்குகளில் இருக்கிறது. இன்று நாம் ரசிக்கிற சாம்பல் நிறக் கம்பீரம் அன்று யாரும் பார்க்காதது. அன்று அது நம் கோயில் கோபுரம்போலப் பளபளத்திருக்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு துண்டு இருக்கிறது: டேரியஸ் சிற்பத்தின் காலணி. அதன்மேல் ஊசிமுனைக் கோட்டில் தாடி வைத்த சில தலைகளும் விலங்குகளும் கிறுக்கப்பட்டிருக்கின்றன, கிரேக்கக் குடத்து ஓவியப் பாணியில். சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஓர் அயோனியக் கல்தச்சன் ராஜாவின் செருப்பில் விளையாடியிருக்கிறான். வண்ணம் பூசியதும் மறைந்துவிடும் என்ற தைரியம். வண்ணம் போய்விட்டது, கிறுக்கல் நின்றுவிட்டது.

இந்த ஆட்களுக்குச் சோறு போட்ட கதைதான் களிமண்ணில் கிடைத்தது. 1933இல் மேடையின் வடகிழக்கு மூலைக் கோட்டைச் சுவரில் ஆயிரக்கணக்கான களிமண் வில்லைகள் வெளிப்பட்டன. துண்டு துக்காணி எல்லாம் சேர்த்தால் முப்பதாயிரம் அளவுக்கு வரும். பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஒரு கயிற்று முடிச்சைச் சுற்றிக் களிமண்ணைப் பிடித்து, அமுக்கி, ஆப்பெழுத்தில் நாலு வரி எழுதி, ஓரத்தில் முத்திரை உருட்டியிருக்கிறார்கள். மொழி பெரும்பாலும் ஈலாமியம், காலம் கி.மு. 509 முதல் 493 வரை. ராஜாக்களின் வீரம் எதுவும் அவற்றில் இல்லை. ரேஷன் ரசீதுகள், அவ்வளவுதான். ஒரே ஒரு வில்லை கிரேக்கத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: திராட்சை மது, இரண்டு மரிஸ் (ஒரு முகத்தல் அளவு), தெபெத் மாதம். கிரேக்கத்தைப் பார்த்ததும் தத்துவம் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். டேரியஸின் 23ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது கி.மு. 499, இரண்டாம் மாதம். அப்பதெமா என்பவர் 11 பார் மாவு பெற்றுக்கொண்டார். அவருடைய தினப்படி 7 பார். கூட வந்த 20 பேருக்கு ஆளுக்கு 2 குவா. அரசரின் முத்திரையிட்ட ஓலை அவரிடம் இருக்கிறது. ஹிந்துஷிலிருந்து புறப்பட்டார்கள், சூசாவுக்குப் போகிறார்கள். வழிகாட்டி அதிகாரி பெயர் இஷ்பரமிஷ்டிமா, முத்திரையும் அவருடையதே.

பத்து குவா ஒரு பார். 20 பேருக்கு 40 குவா, அது 4 பார். 4ம் 7ம் 11. கணக்கு சரி. அரசு அலுவலகத்தில் பயணப்படி பில் எழுதிய யாருக்கும் இதைப் படிக்க உரை தேவைப்படாது: யார், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, யார் அனுமதி, யார் கையெழுத்து. ஒரு குவா என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக அப்பதெமாவுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 70 லிட்டர் மாவு. தின்பதற்கா? அந்தஸ்துக்குத் தகுந்த படி. மிச்சத்தை விற்கலாம், கைமாற்றலாம், கூட வந்தவர்களுக்குக் கொடுக்கலாம்.

படிக்கட்டில் காவடி சுமக்கும் சிந்து நாட்டாரையும் இந்த வில்லையையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எனக்குப் பாரசீகப் பேரரசு கண்ணுக்குப் பிடிபடுகிறது. கல்லில் அவர்கள் எங்கிருந்தோ வந்து நிற்கிறார்கள், பாதை தெரியாது. களிமண்ணில் பாதை தெரிகிறது, பாதை நெடுக மாவுக் கிடங்குகள், கிடங்குக்கு ஒரு குமாஸ்தா. சார்டிஸிலிருந்து சூசா வரையிலான ராஜபாட்டையில் மட்டும் 111 தங்கல்கள் என்று எரோடோட்டஸ் எண்ணிச் சொல்கிறார்.

மேலதிகாரி பர்னாகாவின் தினப்படி 2 ஆடு, 90 குவா மது, 180 குவா மாவு. டேரியஸுக்குச் சிற்றப்பா முறை என்று கருதப்படுபவர். அரசர் உத்தரவிட்டபடி இளவரசி இர்தஷ்துனாவுக்கு 100 ஆடு கொடுக்கவும் என்று அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. எரோடோட்டஸ் இந்த இளவரசியை ஆர்டிஸ்டோன் என்கிறார், பேரரசை நிறுவிய சைரஸின் மகள், டேரியஸின் பிரியமான மனைவி. பர்னாகா ஒருமுறை முத்திரையை மாற்றியபோது, முன்பிருந்தது போய்விட்டது, இந்தக் கடிதத்தில் பதித்திருப்பதுதான் இனி என்னுடையது என்று சுற்றறிக்கை விட்டார். ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் நாம் செய்கிற வேலை.

முத்திரைகளை விட்டுவிட்டுப் பாரசீகக் கலையைப் பேசவே கூடாது. விரல் அளவு உருளைக் கல்லில் வேட்டை, போர், பேரீச்ச மரம், மாயவிலங்கு. ஒரு முத்திரையில் குதிரை வீரன் ஓடுகிற எதிரியை ஈட்டியால் குத்துகிறான், கீழே இருவர் விழுந்து கிடக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது: ‘அன்ஷானின் குருஷ், தெயிஸ்பெஸின் மகன்’. அந்தச் சைரஸின் பாட்டனாருடையதாக இருக்கலாம். அந்தப் பழைய கல்லை டேரியஸ் காலத்து அலுவலகம் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் இடம் கிடைக்காத ஈட்டி, ரசீதின் ஓரத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

இங்கே வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு செய்திகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, சைரஸ் உருளை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்பது. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த சைரஸின் பெயரில் எழுதிய இந்தக் களிமண் உருளை 1879இல் கிடைத்தது, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மர்துக் தெய்வம் என்னைத் தேர்ந்தெடுத்தது, நகரத்துக்கு அமைதி தந்தேன், தெய்வங்களை அவரவர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினேன், மதிலைச் செப்பனிட்டேன் என்கிறது. புதிய ராஜா பாபிலோனில் எழுதிவைக்கும் வழக்கமான அறிக்கை. அடிமை முறையை ஒழித்தேன் என்று சுற்றுகிற மொழிபெயர்ப்பு போலி. மனித உரிமைப் பட்டத்தைப் பரப்பியது, 1971இல் பெர்சபோலிஸில் கூடாரம் போட்டு 2500 ஆண்டு விழா எடுத்த ஈரான் மன்னர் ஷாவின் அரசாங்கம். ஐ.நா. தலைமையகத்துக்கு உருளையின் நகல் போனதும் அதே ஆண்டில்தான்.

இரண்டாவது, பெர்சபோலிஸைக் கட்டியவர்கள் எல்லாரும் சம்பளக்காரர்கள், பெண்களுக்குப் பிரசவ விடுப்பே இருந்தது என்பது. வில்லைகள் சொல்வது இவ்வளவு: குழந்தை பெற்ற பெண்களுக்கு அந்த மாதம் கூடுதல் படி உண்டு, ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. சில பெண்கள் வேலைக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, ஆண்கள் பலரைவிட அதிகப் படி வாங்கினார்கள். இன்னொரு பக்கம், ‘குர்தஷ்’ எனப்படும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நாடு விட்டு நாடு நகர்த்தப்பட்டவர்கள். சாதாரண ஆளுக்கு மாதத்துக்கு 30 குவா வாற்கோதுமைதான் பொதுவான அளவு, நாளைக்கு ஒரு குவா. அப்பதெமாவின் 70ஐ இதோடு வைத்துப் பாருங்கள். சாட்டையும் சங்கிலியும் கொண்ட பழைய கற்பனை தவறு என்பதற்காக, எட்டு மணி நேர வேலை கொடுத்த உத்தம முதலாளியைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

டேரியஸின் மகன் செர்க்சிஸும் பேரன் முதலாம் அர்தஜெர்க்சிஸும் மேடையில் மேலும் கட்டினார்கள், நூறு தூண் மண்டபம் அந்தக் காலத்தது. கருவூலத்தில் கிடைத்த இன்னொரு வில்லைத் தொகுதி இவர்கள் காலத்தைத் தொடுகிறது. இப்போது கூலியில் ஒரு பங்கு வெள்ளியாக மாறுகிறது: ஆட்டுக்கு 3 ஷெக்கல், மதுக் குடத்துக்கு 1 ஷெக்கல் என்று மதிப்புப் போட்டுக் கணக்கெழுதுகிறார்கள். அப்புறம் கி.மு. 330இல் அலெக்சாந்தர் வந்தார். கருவூலத்தைக் காலி செய்துவிட்டு அரண்மனைக்குத் தீ வைத்தார். போதையில் நடந்ததா, செர்க்சிஸ் ஏதென்ஸை எரித்ததற்குப் பழியா என்று அன்றே இரு கதை. தேவதாரு உத்தரங்கள் எரிந்து விழுந்தன. கல் வெடித்தது, பச்சைக் களிமண் வெந்து இறுகியது.

கோட்டைச் சுவர் வில்லைகளைப் படித்து முடிக்கும்வரை கடனாக என்று 1930களின் நடுவில் ஈரான் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. ரிச்சர்ட் ஹல்லோக் என்ற ஒரே மனிதர் பல்லாண்டு உட்கார்ந்து 1969இல் 2,087 வில்லைகளின் வாசகத்தை வெளியிட்டார். அப்பதெமா நமக்கு அறிமுகமானது அவர் புண்ணியத்தில். 2004இல் 300 வில்லைகள் தெஹ்ரான் திரும்பியதும் ஒரு வழக்கு சூடுபிடித்தது. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்களுக்கு ஈரான் 7 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஈரான் கட்டவில்லை. அமெரிக்க மண்ணில் இருக்கும் ஈரானியச் சொத்து என்று பார்த்தபோது கண்ணில் பட்டவை இந்த ரேஷன் ரசீதுகள். ஜப்தி செய்து ஏலம் விட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், முடியாது என்று 2018 பிப்ரவரியில் ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் 1,783 வில்லைகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டுத் தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்துக்கு விமானம் ஏறின.